பௌர்ணமிக்கு திருவண்ணாமலை: எலெக்ட்ரிக் காரில் போய்வர முடியுமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

பௌர்ணமி கிரிவலம். மதியம் சென்னையில் கிளம்பி, இரவு 14 கிலோமீட்டர் நடந்து முடித்து, விடியறதுக்குள்ள வீடு திரும்பணும். பெட்ரோல் கார் என்றால் யோசிக்கவே வேண்டாம். வழியில் ஒரு பங்க், அஞ்சு நிமிஷம், வேலை முடிந்தது.

இதே பயணம் எலெக்ட்ரிக் காரில் என்றால்?

போகலாம். ஆனால் கிளம்பும் முன் ஒரு கணக்கு போட வேண்டும். கார் வாங்கும் முன் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 10 லட்சம், 15 லட்சம் என்று லோன் போட்டு வாங்கும் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது கணக்குதான் ரொம்ப முக்கியம். ஷோரூமில் பெரும்பாலும் ரேஞ்ச் பற்றித்தான் பேசுவார்கள். நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ராத்திரி நம்ம கார் எங்கே நிற்கும்?

ஏன் இந்தக் கேள்வி? விரிவாகப் பார்ப்போம்.

திடீர்னு எப்படி இத்தனை எலெக்ட்ரிக் கார்?

இந்தியாவுக்கு எலெக்ட்ரிக் கார் புதிதல்ல. பெங்களூரில் தயாரான ரேவா என்ற குட்டி கார் 2001-லேயே விற்பனைக்கு வந்தது. ஆனால் அது பெரிய அளவில் போகவில்லை.

நிலைமை மாறத் தொடங்கியது 2020-ல். அந்த ஆண்டு ஜனவரியில் டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக் கார் அறிமுகமானது. அதற்கு முன் நாடு முழுக்க ஆண்டுக்கு சில ஆயிரம் எலெக்ட்ரிக் கார்கள்தான் விற்றன. 2024-25 நிதியாண்டில் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதே ஆண்டு நாட்டில் விற்ற மொத்த கார்கள் சுமார் 43 லட்சம். அதாவது, நூறு கார் விற்றால் அதில் இரண்டு, மூன்றுதான் எலெக்ட்ரிக். வேகமாக வளர்கிறது, ஆனால் பங்கு இன்னும் சிறியதுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி இடம் உண்டு. ஹூண்டாய் க்ரெட்டா எலெக்ட்ரிக் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் தயாராகிறது. வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்டின் தூத்துக்குடி தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்கள் 2024 நவம்பரில் சென்னையில்தான் அறிமுகம் செய்யப்பட்டன.

வரியும் ஒரு காரணம். எலெக்ட்ரிக் கார்களுக்கான ஜிஎஸ்டி 2019 ஆகஸ்ட் முதல் 5% மட்டுமே. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டியும் 28%-லிருந்து 18% ஆகக் குறைந்துவிட்டது. இதனால் பெட்ரோல் கார் விலை இறங்கி, எலெக்ட்ரிக் காருக்கு இருந்த வரிச் சலுகையின் பலன் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் டூவீலர், ஆட்டோ, பஸ் போன்றவற்றுக்கு மானியம் அறிவிக்கப்பட்டது. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு இல்லை. தமிழக அரசின் 2023 மின் வாகனக் கொள்கை, சாலை வரியில் 100% விலக்கை 2025 டிசம்பர் 31 வரை அறிவித்திருந்தது. எனவே புக்கிங் செய்யும் நாளில் சாலை வரி எவ்வளவு என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆன்-ரோடு விலையைப் பேசுங்கள்.

கம்பெனி சொல்லும் ரேஞ்ச் ஏன் கிடைப்பதில்லை?

முதலில் ஒரு எளிய கணக்கு. பேட்டரி அளவை 'கிலோவாட் ஹவர்' என்று சொல்வார்கள். அது வேறொன்றுமில்லை, ஈபி பில்லில் வரும் அதே யூனிட்தான். 45 கிலோவாட் ஹவர் பேட்டரி என்றால் 45 யூனிட் கரன்ட் பிடிக்கும் தொட்டி.

இப்படி 45 யூனிட் பேட்டரி உள்ள நெக்ஸானுக்கு சோதனைக்கூட அளவில் சொல்லப்படும் ரேஞ்ச் 489 கிலோமீட்டர். இது ஒரே சீரான, குறைந்த வேகச் சோதனையில் கிடைக்கும் கணக்கு. நிஜ சாலையில் ஏசி ஓடும், நாலு பேர் உட்காருவார்கள், டிக்கியில் பை இருக்கும். அதனால் இந்த வகைக் காருக்கு சுமார் 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே பாதுகாப்பு. பொதுவான விதி: கம்பெனி சொல்வதில் மூன்றில் இரண்டு பங்கு.

வேகம்தான் பெரிய வில்லன். 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கும் 100-ல் போவதற்கும் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கு கூடும். பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில் நல்ல மைலேஜ் தரும், ஊருக்குள் குறையும். எலெக்ட்ரிக் காரில் இது தலைகீழ். ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும். நெடுஞ்சாலையில் அந்த வாய்ப்பு குறைவு.

மலை ஏறினாலும் இதே கதைதான். திருவண்ணாமலையில் இருந்து ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் போனால், ஏறும்போது சார்ஜ் சரசரவென இறங்கும். இறங்கும்போது ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். முழுசாகக் கிடைக்காது.

சென்னை – திருவண்ணாமலை: நிஜ கணக்கு

திண்டிவனம், செஞ்சி வழியாக ஒரு பக்கம் சுமார் 190 கிலோமீட்டர். போக வர 380. உங்களிடம் இருப்பது நிஜத்தில் 300 கிலோமீட்டர் ஓடும் கார். வழியில் சார்ஜ் போடாமல் போய்வர முடியாது.

வழியில் எங்கும் நிற்காமல் போனால், திருவண்ணாமலையில் இறங்கும்போது 35% போல மிச்சம் இருக்கும். அதை வைத்து சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டலாம். திண்டிவனம் திரும்ப 70 கிலோமீட்டர் வேண்டும். போய்ச் சேரலாம், ஆனால் மனசு பதறும்.

எனவே போகும்போதே சார்ஜ் போடுவதுதான் புத்திசாலித்தனம். சென்னை–திண்டிவனம் நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்குகள், ஹோட்டல்களில் ஃபாஸ்ட் சார்ஜர்கள் இருக்கின்றன. திண்டிவனத்தில் 90% வரை ஏற்றிக்கொண்டால், திருவண்ணாமலையில் இறங்கும்போது கையில் சுமார் 65% இருக்கும். கிரிவலம் முடித்து திண்டிவனம் தாண்டும் வரை கவலையில்லை. அதன் பிறகு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இன்னொரு சின்ன சார்ஜ். வீடு வந்துவிடலாம்.

பெங்களூரில் இருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வருபவர்களுக்கும் ஏறக்குறைய இதே தூரம்தான், இதே கணக்குதான். புதுச்சேரியில் இருந்து ஒரு பக்கம் சுமார் 105 கிலோமீட்டர். வேலூரில் இருந்து சுமார் 85 கிலோமீட்டர். இவர்கள் வீட்டில் முழு சார்ஜ் போட்டுக் கிளம்பினால் வழியில் எங்கும் நிற்கத் தேவையில்லை. ஆனால் சிறிய பேட்டரி கார் வைத்திருப்பவர்கள் கவனம். 24 யூனிட் பேட்டரி காரில் நிஜ ரேஞ்ச் 200 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். புதுச்சேரியில் இருந்து போய்வருவதே இழுபறி ஆகிவிடும்.

பௌர்ணமி இரவில் என்ன சிக்கல்?

பௌர்ணமி அன்றும், கார்த்திகை தீபத்தன்றும் லட்சக்கணக்கான பக்தர்கள் வருகிறார்கள். தீபத் திருவிழா நேரத்தில் வெளியூர் வாகனங்களை நகருக்கு வெளியே தற்காலிக பார்க்கிங்கில் நிறுத்திவிடுவார்கள். அது பெரும்பாலும் திறந்தவெளி மைதானம். அங்கே கார் ஆறேழு மணி நேரம் சும்மா நிற்கும். சார்ஜ் போட அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் பிளக் பாயின்ட் இருக்காது. நகருக்குள் சார்ஜர் இருந்தாலும், சாலையை மாற்றிவிட்டால் அதுவரை போக முடியாமல் போகலாம்.

அடுத்தது க்யூ. பெட்ரோல் பங்கில் முன்னால் மூன்று கார் நின்றால் பதினைந்து நிமிடம். சார்ஜரில்? 30 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜரில் 45 யூனிட் பேட்டரியை 10%-லிருந்து 80% ஆக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 60 கிலோவாட் சார்ஜர் என்றால் 40 நிமிடம் போல. முன்னால் இரண்டு கார் இருந்தால் இரண்டு மணி நேரம் காலி. பல சார்ஜர்களில் ஒரே மெஷினுக்கு இரண்டு 'கன்' இருக்கும். இரண்டிலும் கார் நின்றால் கரன்ட் பங்காகிவிடும், நேரம் இன்னும் கூடும்.

கிரிவலம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் அதிகாலையில் கிளம்புவார்கள். வழியில் இருக்கும் சார்ஜர்களோ குறைவு. சாதாரண செவ்வாய்க்கிழமை காலியாக நிற்கும் சார்ஜரில் பௌர்ணமி மறுநாள் காலையில் கூட்டம் நிற்கலாம். பொங்கல், தீபாவளிக்கு சொந்த ஊர் போகும்போதும் இதே பிரச்னைதான்.

என்ன செய்யலாம்?

* திரும்பும் பயணத்துக்குத் தேவையான சார்ஜை போகும்போதே முடிந்தவரை ஏற்றிவிடுங்கள்.
* 80% தாண்டினால் ஃபாஸ்ட் சார்ஜரும் மெதுவாகிவிடும். பின்னால் ஆள் காத்திருந்தால், தேவையான அளவு ஏறியதும் எடுத்துவிடுங்கள்.
* ஒரு சார்ஜரை மட்டும் நம்பாதீர்கள். அது வேலை செய்யாவிட்டால் அடுத்தது எங்கே என்று கிளம்பும் முன்பே ஆப்பில் பார்த்து வையுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப் என்பதால், பணத்தையும் முன்பே போட்டு வைப்பது நல்லது. நடு ரோட்டில் ஓடிபி வராமல் நிற்பது கொடுமை.
* இரவு தங்குவதாக இருந்தால், ரூம் புக் செய்யும்போதே சார்ஜிங் பாயின்ட் உண்டா என்று போன் போட்டுக் கேளுங்கள். 'உண்டு' என்றால், வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள்.

சரி, வருஷத்துக்கு நாலு தடவைதானே கோயிலுக்குப் போகிறோம்? மீதி நாள்?

இங்கேதான் அந்த முதல் கேள்வி வருகிறது. ராத்திரி கார் எங்கே நிற்கும்?

சொந்த வீடு, உள்ளே பார்க்கிங், பக்கத்தில் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட். இது இருந்தால் எலெக்ட்ரிக் கார் அவ்வளவு சுகம். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டினால் செலவாவது சுமார் 6 யூனிட். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். காலையில் எழுந்தால் கார் ரெடி. பங்க் பக்கமே போக வேண்டாம்.

காலியான பேட்டரியை அதே பிளக்கில் நிரப்ப 14, 15 மணி நேரம் ஆகும். 7.2 கிலோவாட் சார்ஜர் பொருத்தினால் ஆறேழு மணி நேரம். ஆனால் அதற்கு மின்வாரியத்தில் லோடு அதிகரிக்க வேண்டிவரும். மூன்று ஃபேஸ் இணைப்பும் தேவைப்படலாம். பழைய வீடு என்றால் எர்த்திங், வயரிங் இரண்டையும் எலெக்ட்ரீஷியனை வைத்து சோதித்துவிட்டுத்தான் பிளக் சொருக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் கார் சார்ஜ் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது திருவண்ணாமலையின் மாட வீதிகளை நினைத்துப் பாருங்கள். ஒட்டி ஒட்டி வீடுகள், வாசலிலேயே தெரு. கார் வைத்திருப்பவர்கள் கிடைத்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, நடுத்தெருவில் போட்டு சார்ஜ் செய்வது ஆபத்து. அது மணிக்கணக்கில் அவ்வளவு கரன்ட் தாங்காது. சூடாகி உருகும்.

சென்னையில் வாடகை வீட்டிலோ அபார்ட்மென்ட்டிலோ இருப்பவர்களுக்கும் இதே நிலைமைதான். ஹவுஸ் ஓனர் சம்மதிக்க வேண்டும். அசோசியேஷன் சம்மதிக்க வேண்டும். எந்த மீட்டரில் இருந்து கரன்ட் என்ற சண்டை வரும். வீட்டில் இருக்கும் இணைப்பிலிருந்தே சொந்தக் காருக்கு சார்ஜ் போட மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன. ஆனால் தரைத்தள பார்க்கிங்குக்கு வயர் இழுப்பது யார் செலவு என்பதில்தான் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

* பெட்ரோல் கார்: லிட்டர் 100 ரூபாய், 15 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் சுமார் 6,670 ரூபாய்.
* எலெக்ட்ரிக் கார், வீட்டு சார்ஜிங்: சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 160 யூனிட். யூனிட் 8.50 ரூபாய் என்றால் 1,360 ரூபாய்.
* எலெக்ட்ரிக் கார், வெளியே சார்ஜிங்: அதே 160 யூனிட். யூனிட் 22 ரூபாய் என்றால் 3,520 ரூபாய்.

'எங்க வீட்டில் யூனிட் அவ்வளவு வராதே' என்கிறீர்களா? தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த விலைச் சலுகை போய்விடும். 600-க்கு மேல் யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கு மேல், 1,000-க்கு மேல் 11 ரூபாய்க்கும் மேல். இப்போது 350 யூனிட் ஓடும் வீட்டில் கார் வந்தால், இரண்டு மாதக் கணக்கு 670 ஆகிவிடும். அதனால்தான் காருக்கான யூனிட்டை மலிவு ஸ்லாபில் கணக்குப் போடக்கூடாது. மாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சுமை குறையும்.

அப்படிப் பார்த்தாலும் வீட்டு சார்ஜிங்கில் மாதம் சுமார் 5,300 ரூபாய் மிச்சம். வெளியே சார்ஜ் போட்டால் 3,150 ரூபாய்தான் மிச்சம்.

இப்போது அதே அளவு பெட்ரோல் காரைவிட எலெக்ட்ரிக் கார் 4 லட்சம் ரூபாய் அதிகம் என்று வையுங்கள். அந்தப் பணம் திரும்ப வர வீட்டு சார்ஜிங்கில் ஆறேகால் வருடம் ஆகும். வெளியே சார்ஜ் போடுபவருக்குப் பத்து வருடத்துக்கு மேல். விலை வித்தியாசம் 2 லட்சம்தான் என்றால், முறையே சுமார் மூன்று வருடம், ஐந்து வருடம். மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் இந்த வருடங்களை எல்லாம் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். லோன் வட்டி இதில் சேரவில்லை.

ஒரே கார், ஒரே விலை. நிறுத்த இடம் இருப்பவருக்கு லாபம், இல்லாதவருக்கு இழுவை. வித்தியாசம் அந்த ஒரு பிளக் பாயின்ட்தான்.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கலாமே?

எம்ஜி விண்ட்ஸர் 2024 செப்டம்பரில் இந்த முறையில்தான் அறிமுகமானது. அப்போது கார் 9.99 லட்சம் ரூபாய், பேட்டரிக்கு கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. முதலில் கட்டும் பணம் குறையும். ஆனால் வாடகையுடன் சார்ஜிங் செலவையும் சேர்த்தால், வீட்டில் சார்ஜ் போட்டாலும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4.90 ரூபாய் ஆகிவிடும். பெட்ரோலுக்கு ஆகும் 6.70-உடன் ஒப்பிட்டால் மிச்சம் சுருங்கிவிடுகிறது. மாதம் குறைந்தது இத்தனை கிலோமீட்டருக்கு வாடகை கட்டியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.

வெயில், மழை, பழுது?

வெயில்: கோடையில் 40 டிகிரியைத் தொடும் வேலூர், திருவண்ணாமலை பக்கம், சூடான பேட்டரியைக் காப்பாற்ற கார் தானாகவே சார்ஜிங் வேகத்தைக் குறைக்கும். நீண்ட தூரம் ஓட்டியதும் கொளுத்தும் வெயிலில் சார்ஜ் போட்டால் நேரம் கூடும். நிழல் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

மழை: மழையில் சார்ஜ் போடும் வகையில்தான் இணைப்புகள் வடிவமைக்கப்படுகின்றன. பேட்டரிப் பெட்டியும் தண்ணீர் புகாதபடி மூடப்பட்டிருக்கும். ஆனால் வெள்ளத்தில் மூழ்கி நின்ற காரை ஸ்டார்ட் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது. சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள். புயல் நேரத்தில் மின்தடை நீடிக்கலாம் என்பதால், எச்சரிக்கை வந்ததுமே முழு சார்ஜ் போட்டுவிடுவது நல்லது. காரிலேயே விலை அதிகமான பாகம் பேட்டரிதான். இன்சூரன்ஸ் எடுக்கும்போது பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள்.

பழுது: ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் தேயாது, அதனால் சர்வீஸ் செலவு குறைவு. ஆனால் தெருமுனை மெக்கானிக்கால் மோட்டார், பேட்டரி பக்கம் கை வைக்க முடியாது. நடுவழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கக்கூடாது. பிளாட்பெட் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் ஊருக்கு மிக அருகில் எலெக்ட்ரிக் கார் பார்க்கும் சர்வீஸ் சென்டர் எங்கே என்று விசாரித்துவிட்டு பிராண்டை முடிவு செய்யுங்கள்.

பேட்டரி ஆயுள்: 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது வழக்கமான வாரன்டி. சில கம்பெனிகள் முதல் உரிமையாளருக்கு மட்டும் ஆயுள் வாரன்டி தருகின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு அது அப்படியே வராமல் போகலாம். மறுவிற்பனை விலையை இது பாதிக்கும்.

யாருக்கு சரி, யாருக்கு யோசனை தேவை?

திருவண்ணாமலையிலேயே சொந்த வீடு, வாசலுக்குள் பார்க்கிங், தினமும் கடை, பள்ளிக்கூடம், போளூர், செங்கம் என்று ஓட்டம், அவ்வப்போது வேலூர் ஆஸ்பத்திரி. இவர்களுக்கு எலெக்ட்ரிக் கார் கச்சிதம். வேலூர் போய்வர 170 கிலோமீட்டர்தான். முழு சார்ஜில் முடிந்துவிடும்.

வாடகை வீடு, தெருவில் பார்க்கிங், வீட்டில் ஒரே கார், வாரக்கடைசியில் நீண்ட பயணம். இவர்கள் அவசரப்பட வேண்டாம். புதிய கார் விற்பனையில் எலெக்ட்ரிக் கார்களின் பங்கு உலகிலேயே அதிகமுள்ள நாடான நார்வேயில், 2024-ல் விற்ற புதிய கார்களில் 100-க்கு கிட்டத்தட்ட 89 எலெக்ட்ரிக். அங்கேயும் பெரும்பாலானோர் சார்ஜ் போடுவது வீட்டில்தான்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த ஐந்து கேள்விக்கு பதில் எழுதிப் பாருங்கள்:

1. ராத்திரி கார் நிற்கும் இடத்தில் என் மீட்டரில் இருந்து பிளக் பாயின்ட் வைக்க முடியுமா?
2. மாதம் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறேன்?
3. கார் வந்தால் என் ஈபி பில் எந்த ஸ்லாபுக்குப் போகும்?
4. அடிக்கடி போகும் வெளியூர் பாதையில், ஒன்று பழுதானாலும் இன்னொரு சார்ஜர் இருக்கிறதா?
5. சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது?

முதல் கேள்விக்கு 'முடியும்' என்று பதில் வந்தால், மற்ற நான்கையும் சமாளித்துவிடலாம். 'முடியாது' என்றால், முதலில் ஹவுஸ் ஓனரிடமோ அசோசியேஷனிடமோ பேசி, அந்த அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஷோரூமுக்கு அதற்கப்புறம் போகலாம்.